உலகமே இறைவனா, உலகம் வேறு இறைவன் வேறா? சைவ சித்தாந்த வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் பாடம் சொல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. பாடநூல் மெய்கண்ட தேவர் 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்து அருளிய சிவஞானபோதம். 12 சூத்திரங்கள், 40 வரிகள். படித்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும், புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் வேண்டும். வகுப்புக்கு வருபவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றில் மிகுதியானவை, நாம் தொட்டுப் பார்க்கும் இந்த உலகத்துக்கும் நாம் கும்பிடும் கடவுளுக்கும் என்ன உறவு என்பதைப் பற்றியவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். விடைகள் மெய்கண்டார் மரபின்படி அமைந்தவை. பிற மரபுகளை ஒப்பிட்டுக் கேட்ட இடங்களில் அவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

சிவன் உலகத்தைப் படைத்தார் என்கிறீர்கள். எதிலிருந்து படைத்தார்? ஒன்றுமே இல்லாததிலிருந்தா?

இல்லை. இல்லாதது ஒருநாளும் தோன்றாது, உள்ளது ஒருநாளும் இல்லாமற் போகாது என்பது சித்தாந்தத்தின் அடித்தளம். இதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். எள்ளில் எண்ணெய் இருப்பதனால்தான் செக்கில் இட்டு ஆட்டும்போது எண்ணெய் வருகிறது. மணலை எவ்வளவு ஆட்டினாலும் வராது. அதுபோலவே இந்த உலகமும் தோன்றுவதற்கு முன் நுண்ணிய நிலையில் இருந்தது. அந்த நுண்ணிய மூலப்பொருளுக்குத்தான் மாயை என்று பெயர். மூலப்பொருள் எதுவும் இல்லாமல் இறைவன் தன் சொல்லால் உலகத்தை உண்டாக்கினான் என்று கொள்ளும் கிறித்தவ, இசுலாமிய மரபுகளிலிருந்து சித்தாந்தம் இந்த இடத்திலேயே பிரிந்துவிடுகிறது.

குடம் வனைவதற்கு மண் வேண்டும், சக்கரமும் தண்டும் வேண்டும், குயவரும் வேண்டும். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சிவனுடைய சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். மண் குயவரிடமிருந்து பிறந்ததில்லை. குயவர் மண்ணாக மாறியதும் இல்லை. அதே வேளையில் குயவர் இல்லாமல் மண் தானாகவே குடமாகிவிடுவதும் இல்லை. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் நிறுவுவது இந்த மூன்றாவது செய்தியைத்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் அனைத்தும் தோன்றி, நின்று, ஒடுங்குகின்றன. ஆகவே அவற்றை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிக்கும் ஒருவன் உண்டு என்பது அதன் வாதம். பின்னால் வரும் பல விடைகளில் இந்தக் குயவர் திரும்ப வருவார் என்பதால் இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

மாயை என்றாலே பொய், கண்கட்டு என்றுதானே அர்த்தம்? இழவு வீட்டில்கூட "எல்லாம் மாயை" என்றுதானே சொல்கிறார்கள்?

இழவு வீட்டில் நாம் சொல்வது ஆதிசங்கரரின் அத்துவிதம் நம் பேச்சில் விட்டுச் சென்ற வழக்கு. இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கு வந்ததும் பாம்பு எங்கும் போவதில்லை, அது முதலிலேயே இல்லை. பிரம்மத்தின்மேல் உலகம் அவ்வாறு ஏற்றிப் பார்க்கப்படுகிறது என்பது அந்த மரபின் விளக்கம். அதிலும் மாயையை வெறும் இன்மை என்று சொல்வதில்லை. உள்ளது என்றும் இல்லது என்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதது என்றே சொல்வார்கள்.

சித்தாந்தத்தில் மாயை உள்பொருள். அது என்றும் இருப்பது, அறிவு இல்லாத சடம், தன்னைத் தானே இயக்கிக்கொள்ள இயலாதது. மா என்பதற்கு ஒடுங்குதல் என்றும் யா என்பதற்கு வருதல் என்றும் பொருள் கொண்டு, எல்லாம் ஒடுங்குவதற்கும் மீண்டும் வருவதற்கும் இடமானது மாயை என்று நம் ஆசிரியர்கள் விளக்குவார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கல்தளம் உண்மையானது, உங்கள் முழங்கால் வலியும் உண்மையானது. நிலையில்லாதது என்பதும் பொய்யானது என்பதும் வேறு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், சைவம் உலகத்தை வெறுக்கச் சொல்கிறது என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது.

மாயை சடம் சரி. மண், கல், உடம்பு எல்லாம் சடம். மனம் ஆன்மாவைச் சேர்ந்தது இல்லையா?

இல்லை. வகுப்பில் பலரும் திடுக்கிடும் இடம் இது. மாயையிலிருந்து விரிந்த தத்துவங்கள், அதாவது உலகத்தின் அடிப்படைக் கூறுகள், 36 என்று சித்தாந்தம் கணக்கிடுகிறது. அவற்றுள் ஆன்ம தத்துவங்கள் 24: பூதங்கள் ஐந்து, தன்மாத்திரைகள் ஐந்து, அறிகருவிகள் ஐந்து, தொழிற்கருவிகள் ஐந்து, அவற்றோடு மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கு. மண்ணும் மனமும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. இவற்றுக்கு மேலே காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை என்று வித்தியா தத்துவங்கள் ஏழு. அதற்கும் மேலே, மாயையின் தூய பகுதியான சுத்தமாயையிலிருந்து வரும் சிவ தத்துவங்கள் ஐந்து. காலம் சடம். ஒரு பொருளின்மேல் நமக்கு எழும் ஆசையும் ஒரு தத்துவத்தின் செயல்தான். நாம் சொல்லாகப் பேசும் ஒலியின் மூலமும் மாயையிலேயே இருக்கிறது.

எனவே உடம்பு ஒரு பக்கம், மனம் மறு பக்கம் என்று சித்தாந்தம் கோடு போடுவதில்லை. அறிகின்ற உயிர் ஒரு பக்கம் நிற்கிறது. அது அறிவதற்காகக் கையில் எடுக்கும் கருவிகள் அனைத்தும் மறுபக்கம் நிற்கின்றன. கண்ணாடி அணிந்து படிப்பவருக்குக் கண்ணாடியும் கண்ணும் வேறு என்று தெரிகிறது. கண்ணும் மனமும்கூடத் தாம் அணிந்திருக்கும் கண்ணாடிகளே என்று தெரிவதில்லை. அந்த உயிரும் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் இயல்புடையது, செம்பருத்தியின் அருகில் வைத்த படிகம் சிவந்து தெரிவதுபோல. உலகத்தைச் சார்ந்தால் உலகமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் நிற்கும் இந்த இயல்பினால் உயிரைச் சதசத்து என்பார்கள்.

இந்த 36 தத்துவம், பஞ்சபூதம் எல்லாம் இன்றைய விஞ்ஞானத்தோடு ஒத்துப்போகிறதா?

ஒத்துப்போகிறது என்று காட்ட முயல்வது இரண்டுக்குமே நல்லது செய்யாது என்பது என் உறுதியான கருத்து. தனிமங்களின் அட்டவணையில் மண்ணும் நெருப்பும் இல்லை; நெருப்பு ஒரு வேதிவினை. சித்தாந்தத்தின் பூதங்கள் புலன்களோடு கட்டப்பட்டவை: ஆகாயத்துக்கு ஓசை, காற்றுக்கு ஊறு, தீக்கு ஒளி, நீருக்குச் சுவை, மண்ணுக்கு நாற்றம். உலகம் ஓர் உயிரின் அனுபவத்துக்குள் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை வரிசைப்படுத்திய கணக்கு இது. பொருளின் எடை என்ன, அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பன அது எடுத்துக்கொண்ட கேள்விகள் அல்ல.

அத்துவிதம் என்ற சொல்லை நீங்களும் சொல்கிறீர்கள், சங்கரரும் சொல்கிறார். கடவுளும் உலகமும் ஒன்று என்பதுதானே அதன் பொருள்?

மெய்கண்டாரே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டாம் சூத்திரத்தில் விடை சொல்கிறார். அத்துவிதம் என்ற சொல்லில் ஒன்று என்னும் எண் இல்லை, இரண்டின்மைதான் இருக்கிறது. ஒன்றே என்றால் அதை ஒன்று என்று சுட்டிச் சொல்வதற்கும் வேறொருவர் வேண்டுமே என்று அவர் கேட்கிறார். இரண்டு பொருள்கள் இருக்கலாம், ஆனால் அவை பிரிந்து அந்நியமாக நிற்கவில்லை என்பதே அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள்.

இதை விளங்க வைக்கத் தமிழ் நெடுங்கணக்கைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. கரும்பலகையில் க் என்று எழுதி, இதை மட்டும் ஒலித்துக் காட்டுங்கள் என்று வகுப்பில் கேட்பேன். நாக்கு அடைத்துக்கொள்ளும், முன்னாலோ பின்னாலோ ஓர் உயிரெழுத்து வந்து சேராமல் ஒலி பிறக்காது. அகரம் சேர்ந்ததும் க என்று ஒலிக்கிறது. எழுதிய எழுத்தைப் பார்த்தால் அதற்குள் அ இருக்கும் அடையாளமே இல்லை. க் என்பதன் மேலிருந்த புள்ளி போயிற்று, அவ்வளவுதான். ஆனாலும் க் என்பது அ ஆகிவிடவில்லை. இறைவன் எங்கும் நிறைந்து நிற்கும் நிலைக்கு மெய்கண்டார் மரபில் வந்த உமாபதி சிவம் தம் திருவருட்பயனின் முதற் குறளிலேயே அகர உயிரை உவமையாக வைத்தது இதனால்தான்.

இந்த உறவை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள். கலப்பினால் ஒன்று, உடலும் உயிரும் போல. பொருள் தன்மையால் வேறு, கண்ணும் கதிரவனும் போல. உயிர்க்கு உயிராய் நின்று செலுத்துவதால் உடன், கண்ணொளியும் அதனோடு சேர்ந்து காணும் உயிரின் அறிவும் போல. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறொரு மரபுக்குள் போய்விடுவோம்.

அப்படியானால் உலகம் கடவுளின் உடம்பு என்று இராமானுசர் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே?

மிக அருகில் வருகின்றன. அறிவுள்ள உயிர்களும் அறிவில்லாத பொருள்களும் பிரம்மத்துக்குச் சரீரம் என்பது இராமானுசரின் விசிட்டாத்துவிதம். சைவத்திலும் நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் ஆகிய எட்டும் சிவனுக்கு வடிவம். அட்டமூர்த்தி என்ற பெயர் அதனால் வந்தது. உலகம் பொய்யில்லை என்பதிலும் இரு மரபுகளும் உடன்படுகின்றன.

பிரியும் இடம் முதற்காரணம். இராமானுசருக்கு உலகின் முதற்காரணமும் நிமித்த காரணமும் பிரம்மமே; நுண்ணிய நிலையில் இருக்கும் உடம்பு பருமையாக விரிகிறது. சித்தாந்தி குயவரையும் மண்ணையும் பிரித்தே வைப்பார். சிவனுக்கு இரண்டு வகைச் சத்தி உண்டு என்று சொல்லி அவர் இதை விளக்குவார். நெருப்பும் சூடும் போலப் பிரிக்க முடியாமல் இருக்கும் அருட்சத்தி தாதான்மிய சத்தி. குயவர் தொழிலுக்காக வைத்திருக்கும் மண்போல, இறைவனின் உடைமையாக இருக்கும் மாயை பரிக்கிரக சத்தி, அதாவது வைப்புச் சத்தி. மாயையையும் சத்தி என்று அழைத்தாலும், அருட்சத்தியாகிய அம்மையும் மாயையும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. அம்மை அறிவு வடிவானவள், மாயை சடம்.

எங்கும் நிறைந்தவர் என்றால் சாக்கடையிலும் இருக்கிறாரா?

இருக்கிறார். வெயில் கோயில் குளத்தின் மேலும் விழுகிறது, சாக்கடையின் மேலும் விழுகிறது. சாக்கடை நாறுவதால் வெயில் நாறுவதில்லை. கலந்திருந்தும் தோய்வில்லாமல் நிற்பது அறிவுப் பொருளுக்கு இயல்பு. அசுத்தம் என்பது நம் மூக்கையும் உடம்பையும் பொறுத்த செய்தி.

எங்கும் இருப்பவருக்குக் கோயில் எதற்கு?

நெய் எதில் இருக்கிறது என்று கேட்டால் பாலில் இருக்கிறது என்போம். ஆனால் பாலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நெய் தெரியாது. தயிரில் அதைவிட வெளிப்பட நிற்கிறது. கடைந்தால் திரண்டு வரும். அடியவர் வேடத்திலும் ஆலயத்திலும் இறைவன் தயிரில் நெய்போல் விளங்கி நிற்கிறான், மற்ற இடங்களில் பாலில் நெய்போல் மறைந்து நிற்கிறான் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் வரும் விளக்கம். திருநாவுக்கரசரும் விறகில் தீயையும் பாலில் நெய்யையும் சொல்லி, அன்பாகிய மத்தை நட்டு, உணர்வாகிய கயிற்றினால் கடையச் சொன்னார். இருப்பது எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, விளங்குவதில்தான் வேறுபாடு. அந்த விளக்கம் இருப்பவனைப் பொறுத்ததும் ஆகும், கடைபவரைப் பொறுத்ததும் ஆகும்.

பாலாலயம் செய்யும்போது சாமியைக் குடத்துக்குள் எடுத்து வைக்கிறார்களே, அப்போது கருவறை காலியா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதுவரை சொன்ன எல்லாமே அந்தக் குடத்தில் வந்து கூடுகின்றன. திருப்பணி தொடங்குவதற்கு முன், மூலவரிடம் விளங்கும் இறையாற்றலைக் கலாகர்ஷணம் என்னும் சடங்கால் குடத்து நீருக்கு மாற்றி, அங்கிருந்து அத்திப் பலகையில் வரைந்த உருவத்திலோ வேறொரு சிறு திருமேனியிலோ எழுந்தருளச் செய்து, பணி முடியும் வரை அங்கே பூசை நடத்துவார்கள். அந்தக் குடத்தை அருகிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடம்பின் நாடிகளுக்கு ஈடாக அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றியிருக்கும், உள்ளே நீர், வாயில் மாவிலை, அதன்மேல் தேங்காய், கூர்ச்சமாக முடிந்த தருப்பை. நீர் குருதியாகவும் தேங்காய் தலையாகவும் கூர்ச்சம் குடுமியாகவும் எண்ணப்படுகின்றன. குயவரின் பொருளே ஒரு திருமேனியாகி நிற்கிறது. பணி முடிந்ததும் யாகசாலைக் குடத்துக்கும் கருவறைக்கும் இடையே தருப்பைக் கயிறோ நூலோ கட்டி, நாடிசந்தானம் என்னும் சடங்கைச் செய்து, குடத்து நீரைத் திருமேனிமேல் அபிடேகம் செய்வார்கள்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். எங்கும் நிறைந்தவர் ஓர் இடத்தை விட்டுப் போகவும் முடியாது, ஓர் இடத்துக்கு வரவும் முடியாது. மாறுவது விளக்கம், அதாவது தயிர்நிலை எங்கே என்பது. அரணிக் கட்டையைக் கடையும்போது தீ வெளியிலிருந்து வந்து கட்டைக்குள் புகுவதில்லை. உள்ளே இருந்தது வெளிப்படுகிறது. திருப்பணிக் காலத்தில் கருவறைக் கல்லிலும் இறைவன் இருக்கிறார், பாலில் நெய்யாக. அந்தக் கல்லைத் தொட்டுச் செப்பனிட வேண்டிய சிற்பியின் கைக்கு அதனால் குற்றம் வருவதில்லை. பொருளைப் பொருளாகத் தொட்டுப் பழுதுபார்க்கவும், அதே பொருளை இறைவனாகத் தொழவும் இரண்டுக்கும் இடம் வைத்த ஏற்பாடு இது.

பஞ்சபூதத் தலங்களில் நாம் கும்பிடுவது அந்தப் பூதங்களைத்தானா?

பூதங்களை வடிவமாக உடையவரைக் கும்பிடுகிறோம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மண்ணால் ஆன இலிங்கம் என்பதால் அதன்மேல் நேராக நீர் ஊற்றி அபிடேகம் செய்வதில்லை, புனுகு சாத்துகிறார்கள். அந்தப் பூதத்தின் இயல்பு மதிக்கப்படுகிறது; மண் கரையும் என்பது பூசையின் முறையையே மாற்றியிருக்கிறது. திருவானைக்காவில் இலிங்கத்தின் அடியில் நீர் ஊறுகிறது. திருவண்ணாமலையில் தீ, திருக்காளத்தியில் காற்று.

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை மட்டும் தொங்குகிறது. அங்கே வெட்டவெளிதான் திருமேனி. ஆகாயமும் மாயையிலிருந்து வந்த ஒரு பூதம்தான் என்பதால், அந்தப் பூத ஆகாயத்தைத் தாண்டிய ஞானவெளியாகிய சிதாகாயத்தைத் தில்லையில் உணர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கல்லைக் கடவுள் என்று கும்பிடுவது தவறில்லையா, ஐயா? என் மகன் கேட்கிறான், பதில் சொல்லத் தெரியவில்லை.

மகனிடம் ஒரு மரயானைப் பொம்மையைக் கொடுத்து, இது என்ன என்று கேளுங்கள். யானை என்பான். தச்சரிடம் கொடுத்தால் தேக்கு என்பார். திருமூலர் சொன்னது இதுதான்: மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை. யானையாகப் பார்க்கும்போது மரம் மறைகிறது, மரமாகப் பார்க்கும்போது யானை மறைகிறது. அதே பாட்டின் அடுத்த இரண்டு அடிகளில், பரத்தை மறைத்தது பார்முதல் பூதம், பரத்தில் மறைந்தது பார்முதல் பூதம் என்கிறார். பொம்மை மாறவே இல்லை, பார்வை மாறியது. மரமே யானையாயிற்று என்று இந்த உவமையை நீட்டி, உலகமே கடவுள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குயவரைப் பற்றி முதலில் சொன்னது இங்கும் பொருந்தும். உவமையின் வேலை பார்வையைப் பற்றிச் சொல்வதோடு முடிகிறது.

வழிபடுபவர் யாரும் கல்லே கடவுள் என்று எண்ணுவதில்லை என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். திருமேனியில் கண் திறப்பதும், மந்திரத்தால் எழுந்தருளச் செய்வதும், பூசை செய்பவர் தொடங்கும் முன் தம் உடம்பின் பூதங்களையே தூய்மை செய்துகொள்ளும் பூதசுத்தியும் கல்லுக்காகச் செய்யப்படுபவை அல்ல. சிவலிங்கம் அருவமும் இல்லாமல் உருவமும் இல்லாமல் அருவுருவமாக இருப்பதும், கல்லே கடவுள் என்பது, கல் வெறும் கல் என்பது ஆகிய இரண்டு தவறுகளுக்கும் நடுவே நம்மை நிறுத்துவதற்காகவே.

உலகம் நமக்கு உதவிக்கு என்கிறீர்கள். பிறகு ஏன் மாயையையும் ஆணவம், கன்மத்தோடு (வினையோடு) சேர்த்து மலம் என்கிறீர்கள்? மலத்தை மலத்தால் கழுவ முடியுமா?

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரில் இதே கேள்வியைத் தாமே எழுப்பி, அழுக்குத் துணியைச் சாணமும் உவர்மண்ணும் இட்டு வெளுப்பவரைக் காட்டி விடை சொல்கிறார். சலவைத்தூளிலும் இயந்திரத்திலும் வளர்ந்தவர்களுக்கு இந்த உவமை பிடிபடுவதில்லை. எனக்குச் சிறு வயதில் ஊர் ஆற்றுத்துறையில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் போட்ட துணிகளைச் சாணம் கரைத்த நீரில் நனைத்து, உவர்மண் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தார்கள். என் பள்ளிச் சட்டை பச்சையும் பழுப்புமாக, வீட்டிலிருந்து போனதைவிடப் பன்மடங்கு அழுக்காகக் கிடந்தது. நான் அழுதே விட்டேன். இரவு முழுவதும் அவை வெள்ளாவிப் பானையில் வெந்தன. மறுநாள் கல்லில் அடித்து அலசியபோது, முதலில் ஏறியிருந்த அழுக்கும் போயிற்று, பிறகு பூசிய சாணமும் மண்ணும் அதனோடு போயின, சட்டை வெண்மையாக மணலில் காய்ந்தது.

உயிரோடு தொடக்கம் இல்லாத காலத்திலிருந்தே ஒட்டியிருக்கும் அழுக்கு ஆணவம், செம்பில் களிம்புபோல. அதை நீக்க இறைவன் பூசுவது மாயை. உடம்பும் மனமும் உலகமும் வந்து சேர்ந்ததும் உயிர் முன்னைவிட அழுக்காகத் தோன்றும். ஆசை, கோபம், இழப்பு எல்லாம் அப்போதுதான் வெளிப்படுகின்றன. ஆனால் ஆணவ இருளில் ஒன்றும் அறியாமல் கிடந்த உயிர், விடியும் வரை ஏற்றி வைத்த விளக்கைப்போல, மாயையைக் கொண்டுதான் சிறிதாவது அறியத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் மாயையும் கழிய வேண்டியது. அந்த அளவில்தான் அதற்கு மலம் என்று பெயர். சாணத்தைக் குறை சொல்லி வெளுப்பவரைத் தடுப்பதும் தவறு, சாணம் பூசிய சட்டையே போதும் என்று உடுத்திக்கொள்வதும் தவறு.

இவ்வளவு துன்பத்தோடு உலகத்தைப் படைத்தவர்தானே அதற்குப் பொறுப்பு?

சித்தாந்தத்தின் விடை இது: ஆணவத்தை இறைவன் உண்டாக்கவில்லை, உயிர்களையும் உண்டாக்கவில்லை, வினைக்கு ஏற்ற உடம்பையும் இடத்தையும் மாயையிலிருந்து கூட்டித் தருகிறான். ஒரே கதிரவன் எழும்போது ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மலரும் பருவத்தில் நிற்கிறது, ஒன்று வாடுகிறது. கதிரவனிடம் வேறுபாடு இல்லை. அழித்தல் தொழிலைக்கூட, பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாறுதல் தரும் செயல் என்று சித்தியார் விளக்குகிறது.

இந்த விடையை வகுப்பில் சொல்வேன். துக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல மாட்டேன். பிள்ளையை இழந்தவரிடம் போய் வினை என்று சொல்வது, உண்மையை எடுத்துக் கொடுமை செய்வது. தத்துவம் நம் சொந்தத் துன்பத்தைப் புரிந்துகொள்வதற்கு. பிறர் துன்பத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது உதவி மட்டுமே.

மாயையும் நித்தம் (என்றும் இருப்பது), உயிரும் நித்தம் என்றால் சிவனுக்கு வெளியே இரண்டு பொருள் இருப்பதாக ஆகிறதே? அவர் எப்படி முழுமுதல் ஆவார்?

சித்தாந்தத்தின்மேல் வைக்கப்படும் கேள்விகளில் வலிமையானது இது. சித்தாந்தி முதலில் "வெளியே" என்ற சொல்லை மறுப்பார். மெய்கண்டார் ஏழாம் சூத்திரத்தில் கடல், நீர், உப்பு என்ற உவமையை வைக்கிறார். நீரை உப்பு பற்றுகிறது. நீரும் உப்பும் இருப்பதற்கு இடம் தந்து விரிந்திருக்கும் பரப்பை அது பற்றுவதில்லை. பரப்பு சிவன், நீர் உயிர், உப்பு உயிரைக் கட்டும் மலமாகிய பாசம். சிவனுக்கு வெளியே ஏதும் இல்லை. எல்லாம் அவனுடைய நிறைவுக்குள் அடங்கியிருக்கின்றன. என்றும் இருத்தல் மூன்றுக்கும் பொது. பிறிதொன்றைச் சாராமல் இருத்தல் சிவனுக்கு மட்டுமே உரியது. நிலத்தில் நிற்கும் மரம் நிலத்தைக் குறைத்துவிடுவதில்லை.

அதே சூத்திரம் சத்தின், அதாவது உள்பொருளாகிய சிவத்தின், முன்னிலையில் யாவும் சூனியம் என்று தொடங்குகிறது. நண்பகலில் ஏற்றிய அகல்விளக்கு அணைந்துவிடவில்லை, ஆனால் அதற்கு ஒளி இருப்பதாகவே தெரிவதில்லை. சூனியம் என்பதற்கு அந்த அளவில் பொருள் கொள்ள வேண்டும். இதோடு சங்கரரின் வழிவந்தவர் அமைதி அடைவார் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது ஒரு நித்தப் பொருளை ஏற்றதே குறை என்று அவர் சொல்வார். ஒன்றே உண்மை என்றால் தேடுபவர் யார், அருள் யாருக்கு என்று சித்தாந்தி கேட்பார். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இந்த வகுப்பை நான் நடத்துவதிலிருந்தே தெரிந்திருக்கும்: கும்பிடும் கைக்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும் என்பது எனக்கு வாதத்தைவிட முந்தையது.

முத்தி கிடைத்த பிறகு இந்த உலகம் என்ன ஆகும்?

உலகத்துக்கு ஒன்றும் ஆகாது. மற்ற உயிர்களுக்கு அது இன்னும் தேவை. முத்தி பெற்றவர் உடம்போடு வாழும் காலத்தில் அவருடைய கண்ணும் செவியும் மனமும் பழைய மாயையின் கருவிகளே. ஆனால் உயிரின் கருவிகளான பசுகரணங்களாக இருந்தவை சிவனின் கருவிகளான சிவகரணங்களாக மாறிவிட்டன என்பார்கள். அதே கண் பார்க்கிறது, பார்ப்பதற்குப் பின்னால் நான் என்னும் முனைப்பு இல்லை.

அப்படிப்பட்டவர் என்ன செய்வார் என்று பன்னிரண்டாம் சூத்திரம் சொல்கிறது. அடியாரோடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழுவார். 36 தத்துவங்களையும் தாண்டியவர் திரும்பவும் கல்லும் சுதையுமான கோயிலுக்குள் வருகிறார் என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கோயில் தொடக்க நிலையினருக்கான ஏணி, ஏறிய பிறகு தேவையில்லை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். நூலின் முதற்சொல் அவன்; அவன், அவள், அது என்று உலகத்தைச் சுட்டித் தொடங்கிய நூல், அந்த உலகத்தின் ஒரு கட்டடத்தைத் தொழச் சொல்லி முடிகிறது.

இதையெல்லாம் நானே படிக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்கலாம்?

திருவருட்பயனிலிருந்து தொடங்குங்கள். பத்து அதிகாரங்கள், 100 குறட்பாக்கள். அகர உயிர் உவமை முதற்பாட்டிலேயே வந்துவிடும். அடுத்து உண்மை விளக்கம்: மாணவர் கேட்க மெய்கண்டார் விடை சொல்வதாக அமைந்த சிறு நூல், தத்துவங்களின் பட்டியல் அதில் தெளிவாக இருக்கிறது. அதன் பிறகு சிவஞானபோதத்தை ஒரு சிற்றுரையோடு, வாரத்துக்கு ஓர் அதிகரணம் (சூத்திரத்தின் ஒரு வாதப் பகுதி) என்ற அளவில் படிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியத்தைத் தனியாக எடுக்க வேண்டாம். அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும், ஒரு நோட்டும் பொறுமையும் வேண்டும். வகுப்புக்கு வர முடிந்தவர்கள் ஞாயிறு மாலை, சாயரட்சைப் பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வரலாம்.